ஒரே மூடி, இரண்டு காற்று

தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனிப் பணியில் இருந்த டால்டார்ஃப் என்ற லெப்டினன்ட், 1791இல் ஒரு விசித்திரத்தைக் கண்டதாக எழுதிவைத்தார். குளக்கரைப் பனை ஒன்றில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பட்டை வெடிப்பில் ஒரு மீன். செவுள்மூடியின் முட்களை ஊன்றி, வாலை உதைத்து, இன்னும் மேலே ஏறப் பார்த்ததாம். லண்டன் லின்னேயன் சங்கம் 1797இல் அந்தக் குறிப்பை அச்சிட்டது. மீனாவது மரம் ஏறுவதாவது என்று விலங்கியல் படித்தவர்கள் அதன்பிறகு நெடுநாள் வாதாடினார்கள். நம் ஊரில் வாதத்துக்கே வேலையில்லை. அந்த மீனின் பெயரே பனையேறிக் கெண்டை.

பனை ஏறாவிட்டாலும், வீட்டில் வளரும் மீன் தொட்டியை விட்டு வெளியேறும். இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால், காலையில் சோபாவுக்குப் பின்னால் காய்ந்த கருவாடாகக் கிடக்கும். மீன்தொட்டிக்கு மூடி வேண்டும் என்று சொல்வதற்கு முதல் காரணம் அழகல்ல, இதுதான்.

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கத்து வாய்க்கால்களில் மானத்துக்கண்ணி என்றொரு சிறு மீன் திரியும். விரல் நீளம், தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு, கண் எப்போதும் மேல்நோக்கி. மானம் என்றால் வானம். நீர்ப்பரப்புக்கு ஒட்டியே நீந்தி, கொசுப்புழுவையும் மேலே பறக்கும் பூச்சியையும் தின்று வாழ்கிறது. பூச்சிக்காகத் துள்ளுவது அதன் பிழைப்பு. இதைத் தொட்டியில் விட்டு, மூடியில் இரண்டு விரல் இடைவெளி வைத்தால், அந்த இடைவெளியை அது கண்டுபிடித்துவிடும்.

வேறு பல மீன்களுக்குத் துள்ளல் பருவம் சார்ந்தது. ஜூன் மாத முதல் மழையில் புதுவெள்ளம் வயலுக்குள் ஏறும்போது, மீன்கள் முட்டையிட எதிர்நீச்சல் போட்டு மடைகளைத் தாவும். மலையாளத்தில் இதை ‘ஊத்த’ என்பார்கள். சினைமீன்களை அந்த நேரத்தில் வழிமறித்துப் பிடிப்பதைக் கேரளச் சட்டம் தடை செய்திருக்கிறது. தொட்டிக்குள் வடிகட்டியின் தாரை விழும் மூலையில் மீன் அடிக்கடி துள்ளுவதை வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். எதிரே தண்ணீர் பாய்ந்தால் ஏறு என்று பல தலைமுறையாகப் பழகிய உடம்பு அது.

இடுக்கிப் பக்கம் வந்தால் ஆசைக்குரிய மீன் ‘மிஸ் கேரளா’, உள்ளூர்ப் பெயரில் செங்கணியான். பக்கவாட்டில் சிவப்புக் கோடு, அதன்கீழ் கருப்புக் கோடு. பீர்மேட்டுச் சரிவின் அடியில் இருக்கும் முண்டக்கயத்தில் கிடைத்த மீனை வைத்து பிரான்சிஸ் டே 1865இல் இதை விவரித்து, அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். இன்று அது அருகிவரும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. ஆற்றில் பிடித்ததை விலக்கி, பண்ணையில் பிறந்ததை மட்டும் வாங்குவதே முறை. இதுவும் நன்றாகத் துள்ளும். அதோடு, ஓடும் மலைநீரில் பிறந்த இனம் என்பதால் சூட்டைத் தாங்காது. மூடியின் கதை இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது.

கண்ணாடித் தகடு ஒன்றைச் சாய்த்து வைத்தாலும் மீன் குதிக்காது. ஆனால் விளக்கு, வயர், காற்றுக்குழாய் எல்லாம் வெளியே தொங்கும். அவற்றை மறைத்து, கூடத்தில் ஒரு மரச்சாமான்போல நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் ‘கேனபி’ என்று கடைகளில் சொல்லும் மரமூடி. அடியில்லாத பெட்டி ஒன்றைக் கவிழ்த்துத் தொட்டியின் விளிம்பில் உட்காரவைத்தாற்போல இருக்கும். முன்பக்கம் தூக்கித் திறக்கும் பலகை, உள்ளே விளக்கு. பார்க்க எளிய வேலை. நல்ல ஆசாரி இரண்டு நாளில் முடித்துவிடுவார்.

மூன்று மாதம் கழித்து அந்த மூடியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும்.

விளக்குக்கு நேர் மேலே மரம் வெளுத்து உலர்ந்திருக்கும். அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, மூலைப்பக்கம், சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகப் பூசணம். ஆணித்தலையைச் சுற்றி மைக்கறைபோல ஒரு கருவட்டம். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் கறை அது. பின்பலகையின் கீழ்விளிம்பைக் கட்டைவிரலால் தடவினால் சொரசொரப்பு, நார் கிளம்பியிருக்கிறது. வெளிப்பக்கமோ வார்னிஷ் பளபளக்கப் புதிதாகவே இருக்கும். மேல்பலகை மட்டும் லேசாக முறம்போல வளைந்து, இரண்டு ஓரமும் மேலெழும்பியிருக்கும்.

இத்தனைக்கும் தொட்டித் தண்ணீர் அந்தப் பலகையை நனைத்திருக்காது. வேலையைக் காட்டியது ஆவி.

மரத்தை உறிஞ்சுதாள் என்றே நினைத்துக்கொள்ளலாம். சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு ஈரமோ அதற்கேற்ற அளவு நீரைத் தன் உயிரணுச் சுவருக்குள் அது பிடித்துவைத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமானால் மரத்தின் எடையில் 6 சதவீதம் போல நீர் இருக்கும். காற்று 65 சதவீதத்துக்கு வந்தால் மரம் 12க்கு வரும். காற்று 90ஐத் தொட்டால் மரம் 20. ஏறக்குறைய 28 முதல் 30 சதவீதம் வரை உயிரணுச் சுவர் நீரைக் குடித்துக்கொண்டே வீங்கும். அதற்குமேல் வரும் நீர் வெற்றிடங்களில் தேங்குமே ஒழிய, வீக்கம் கூடாது. மரம் 20 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் பூஞ்சைக்கு விருந்து.

இந்த வீக்கத்தில் ஒரு பாரபட்சம் உண்டு. நீளவாட்டில் மரம் நகராது என்றே வைத்துக்கொள்ளலாம். அகலவாட்டில்தான் ஆட்டம். அதிலும் ஆண்டு வளையங்களைத் தழுவிப்போகும் திசையில் ஏற்படும் அசைவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பச்சைத் தேக்கு முற்றும் உலரும்போது முதல் திசையில் 5.8 சதவீதமும் இரண்டாவதில் 2.5 சதவீதமும் சுருங்கும். மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் இது சொற்பம். தேக்குக்கு இருக்கும் மரியாதையில் பாதி இதனால் வந்தது.

கணக்கைத் தொட்டிக்குக் கொண்டுவரலாம். மூன்றடி நீளம், பதினைந்து அங்குல அகலம், பதினெட்டு அங்குல உயரம்: கூடத்தில் வைக்கிற நடுத்தரத் தொட்டி, 150 லிட்டர் பிடிக்கும். அதன் மூடிக்கு ஒரே தேக்குப் பலகையை, வளையம் தழுவிய அறுப்பில், அகலவாட்டில் போட்டதாக வைத்துக்கொள்வோம். அகலம் 381 மில்லிமீட்டர். மர ஈரம் 9 சதவீதத்திலிருந்து 17க்கு ஏறினால் பலகை 6 மில்லிமீட்டர் அகலும். நாலு பக்கமும் ஆணியடித்து இறுக்கிய பெட்டிக்குள் அந்த 6 மில்லிமீட்டர் எங்கே போகும்? ஒன்று இணைப்பைப் பிளக்கும், இல்லையென்றால் பலகை வளையும். அடிப்பக்கம் ஆவி குடித்து வீங்க, மேல்பக்கம் உலர்ந்தே இருக்க, ஓரங்கள் மேலே எழும். முறம் இப்படித்தான் உருவாகிறது.

மர ஈரம் ஒன்பதிலிருந்து பதினேழுக்கு ஏறுவது மிகைக் கணக்கு என்று தோன்றினால் பாலக்காட்டில் ஒரு வருடம் இருந்து பார்க்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். அகலம் 30 முதல் 40 கிலோமீட்டர். கார்த்திகை மார்கழியில் கோயம்புத்தூர்ச் சமவெளியின் காய்ந்த காற்று இந்த வாசல் வழியாகத்தான் கேரளத்துக்குள் பாயும். விருச்சிகக் காற்று என்று மலையாளிகள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். காஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. கோடையில் பிற்பகல் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. ஜூன் பிறந்ததும் அதே ஊரில் துணி காயாது. ஆக, ஒரே பலகை ஒரே வருடத்தில் காய்ந்து சுருங்கி, பிறகு ஊறி வீங்குகிறது.

இடுக்கியின் உயரமான பகுதிகளில் கதை வேறு. மூணாறு கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டர் மேலே. மழைக்காலம் முழுதும் மேகம் வாசற்படி வரை வந்து நிற்கும். ஜனவரி இரவில் உறைபனி விழும் ஆண்டுகளும் உண்டு. மர ஈரம் ஆண்டின் பெரும்பகுதி மேலேயே நிற்கும். சுருக்கமாகச் சொன்னால், பாலக்காட்டில் மூடி வெடிக்கும். மூணாற்றில் மூடி ஊறும். (இடுக்கி முழுதும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. மூணாற்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இறங்கும் மறையூர் மழைமறைவுப் பிரதேசம். சந்தனம் அங்கே செழிப்பது அதனால்தான். மறையூர்க்காரர் இந்தக் கட்டுரையில் பாலக்காட்டுப் பக்கத்தையே படித்துக்கொள்ளலாம்.)

இதே சிக்கலைக் கேரளத்து ஆசாரிகள் கதவு வேலையில் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். பழைய வீட்டுக் கதவைப் பார்த்தால், நாலு பக்கம் சட்டம், உள்ளே காடி வெட்டி அதில் செருகிய பலகை. அந்தப் பலகையைப் பசை போட்டு ஒட்டியிருக்க மாட்டார்கள், ஆணியும் இருக்காது. காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். மழையில் அகன்றால் காடிக்குள் நகரும், வெயிலில் சுருங்கினால் பின்வாங்கும். சட்டத்தின் நீளம் மாறாததால் கதவின் அளவும் மாறாது. மீன்தொட்டி மூடிக்கும் இதுவே பொருந்தும். மேல்பலகையை நாலு அங்குலப் பட்டைகளாகப் பிரித்து, பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் விளையாட்டு விட்டுக் காடியில் செருகினால், ஆறு மில்லிமீட்டர் சண்டை பல துண்டுகளாகச் சிதறிப்போகும். காடிக்குள் பசை சொட்டிவிட்டால் மட்டும் பலன் போய்விடும். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்.

ஏற்கெனவே முறமாக வளைந்த பலகைக்கும் மருந்து உண்டு. குழிந்த பக்கம் கீழே வரும்படி, நனைந்த புல்தரையில் வெயிலில் கவிழ்த்துப் போடவேண்டும். குழிந்த பக்கம் தரையின் ஈரத்தைக் குடித்து விரிய, மேல்பக்கம் வெயிலில் சுருங்க, சாயங்காலத்துக்குள் பலகை நேராகிவிடும். வளைத்த அதே விதியைத் திருப்பிப் போடுவதுதான் வைத்தியம்.

மரத்தின் பாடு இவ்வளவு. தண்ணீரின் பாடு இன்னொன்று.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆவியாகும் நீர் தனக்கு வேண்டிய வெப்பத்தை மிச்ச நீரிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வேண்டும். நம் 150 லிட்டர் தொட்டியிலிருந்து அரை லிட்டர் ஆவியானால், மீதி நீர் முழுவதையும் சுமார் 2 டிகிரி குளிர்விக்கும் வெப்பம் வெளியே போய்விடும். மூடியை இறுக்கிப் போட்டால் இந்தக் குளிர்விப்பு நின்றுவிடும். மேலே எரியும் பழைய 40 வாட் குழல்விளக்கும் அதன் சோக்கும் தங்கள் சூட்டையும் சேர்க்கும். பாலக்காட்டுச் சித்திரையில் அறையே 34, 35 டிகிரி. அந்தச் சூட்டில் தண்ணீர் வெந்நீராகாது. ஆனால் அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் 7.6தான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத்தேவை கூடும், கிடைப்பதோ குறையும். செங்கணியான் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது பசியால் என்று நினைத்துத் தீனி போடுபவர்கள் உண்டு. அழுகும் தீனி இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும்.

எனவே பாலக்காட்டு மூடி மூச்சுவிடவேண்டும். பின்பலகையின் கீழ்ப்பக்கம் நீளமாக ஒரு திறப்பு, மேல்மூலையில் இன்னொன்று. சூடான ஈரக்காற்று மேல்வழியே வெளியேற, அறைக்காற்று கீழ்வழியே உள்ளே வரும். நாலுகெட்டு வீடுகளின் கூரை முக்கோணத்தில் மரச்சட்டம் இழைத்த முகப்பு ஒன்று இருக்குமே, அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுப்பார்களே, அதன் வேலையும் இதுவே: மச்சில் தேங்கும் வெக்கையை வெளியே விடுவது. மூடியின் திறப்புகளுக்கு நைலான் வலை அடித்துவிட்டால் மானத்துக்கண்ணியும் தப்பாது. கோடையில் கணினிக்குள் இருக்கும் 12 வோல்ட் சின்ன விசிறி ஒன்றை நீர்ப்பரப்பைத் தடவுவதுபோல வைத்தால், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தினமும் குறையும் தண்ணீரை ஊற்றவேண்டும், அவ்வளவே. அந்தக் காற்றோட்டம் மரத்தின் அடிப்பக்கத்தையும் உலர்த்திவிடும்.

மூணாற்றில் இதே மூடியை வைத்தால் மின்கட்டணம் ஏறும்.

அங்கே அறை 15 டிகிரி. தொட்டிக்குள் ஹீட்டர் போட்டு 25 டிகிரியில் நிறுத்தியிருப்பார்கள். பரப்பு திறந்திருந்தால் ஆவியோடு வெப்பமும் ஓடும், ஹீட்டர் இராப்பகலாக எரியும். சரி, திறப்புகளை எல்லாம் அடைத்துவிட்டால்? 25 டிகிரியில் நிறைவுற்ற காற்று ஒரு கனமீட்டரில் 23 கிராம் ஆவியைச் சுமக்கும். 15 டிகிரியில் 13 கிராம்கூடச் சுமக்காது. வெதுவெதுப்பான ஆவி மேலேறிக் குளிர்ந்த பலகையில் முட்டியதும், தாங்காத மிச்சம் துளிகளாக ஒட்டிக்கொள்ளும். மூடிக்குள் இருக்கும் காற்று மொத்தம் 70 லிட்டர் அளவு. அதில் எந்த நேரத்திலும் ஒன்றரை கிராம் போலத்தான் ஆவி இருக்கும். அற்பம் என்று தோன்றலாம். கீழே 150 லிட்டர் வெந்நீர்ப் பானை, மேலே குளிர்ந்த தட்டு: சாராயம் வடிக்கும் அடுப்புக்கும் இதற்கும் தத்துவத்தில் வேற்றுமை இல்லை. அந்த ஒன்றரை கிராம் ஓயாமல் படிந்துகொண்டும் நிரம்பிக்கொண்டும் இருக்கும்.

இதற்கு விடை மூணாற்றின் தேயிலையிலேயே இருக்கிறது. தேயிலை பல பத்தாண்டுகள் மரப்பெட்டியில் கப்பலேறியது. ஒட்டுப்பலகையில் செய்த பெட்டி; ஓரங்களில் தகரப்பட்டை; உள்ளே உலோகத்தாள். கடற்காற்றின் ஈரத்தை மரம் தடுக்கும் என்று யாரும் நம்பவில்லை. சுமப்பது மரத்தின் வேலை, ஈரத்தை மறிப்பது உள்தாளின் வேலை. மூடிக்கும் அப்படியே இரண்டு வேலையைப் பிரித்துவிடவேண்டும். தொட்டியின் விளிம்பிலேயே 4 மில்லிமீட்டர் கண்ணாடித் தகடு ஒன்றை லேசான சரிவில் உட்காரவைப்பது. ஆவி அதன் அடியில் துளியாகி, சரிவில் வழிந்து, தொட்டிக்கே திரும்பும். தீனி போட ஒரு மூலையை வெட்டி, காற்றுக்குழாய்க்கும் வழிவிட்டால் போதும். மரப்பெட்டி அதற்கு மேலே உலர்ந்த கூடாக, தன் காற்றுத் திறப்புகளோடு நிற்கும். வெப்பம் கண்ணாடிக்குக் கீழே, மரம் கண்ணாடிக்கு மேலே.

அதாவது பெட்டி ஒன்றுதான். பாலக்காட்டில் அதன் அடியில் வலை, மூணாற்றில் கண்ணாடி. கடையில் கிடைக்கும் ஆயத்த மூடிகள் எந்த ஊருக்கும் ஒரே மாதிரி வருவதுதான் அவற்றின் குறை. பெட்டியின் உள்விளிம்பில் ஒரு காடி இருந்தால், வலைச்சட்டத்தையும் கண்ணாடியையும் மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளலாம். பாலக்காட்டுக்காரரே ஆடி மழையில் கண்ணாடிக்கும் பங்குனியில் வலைக்கும் மாறிக்கொள்ளலாம்.

எந்த மரம்? தேக்கு சிறந்தது, கேள்வியில்லை. அதன் உடம்பிலேயே எண்ணெய்ப்பசையும் கொஞ்சம் இயற்கை ரப்பரும் பூஞ்சைக்குப் பிடிக்காத சேர்மங்களும் இருக்கின்றன. 1907இல் தொடங்கி 1963வரை ஓடிய கொச்சி வன டிராம்வே, பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு இறக்கியது பெரும்பாலும் இந்தத் தேக்கையும் ஈட்டியையும்தான். எண்ணெய்ப்பசையால் பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுமுன் தின்னர் தொட்ட துணியால் துடைப்பது ஆசாரிகளின் வழக்கம். ஆனால் வைரம் மட்டுமே இப்படி. ஓரத்து வெள்ளைக்கு இந்தக் குணம் எதுவும் கிடையாது. தேக்கு என்ற பெயரில் வெள்ளைப் பலகை வாங்குவது வீண்செலவு. மலையாளத்தில் வைரத்துக்குக் ‘காதல்’ என்று பெயர். கொழிஞ்சாம்பாறை மரக்கடையில் ‘காதல் மட்டும் போதும்’ என்று யாராவது சொன்னால் தமிழர் தவறாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு ஆஞ்சிலி இருக்கிறது. ஆரன்முளையிலும் ஆலப்புழையிலும் ஓடும் பாம்புப்படகுகள் ஆஞ்சிலியில் இழைத்தவை. தண்ணீரோடு பழகிய மரம். பலாவும் நன்றாக உழைக்கும், மஞ்சள் நிறம் போகப்போகச் செம்பழுப்பாகும். இடுக்கியில் தேயிலைக்கு நிழலாகவும் மிளகுக்குக் கொடிக்காலாகவும் நிற்கும் சில்வர் ஓக் மலிவு, வரி அழகு. ஈரத்தில் நிற்காது என்பதால் கண்ணாடி வைத்த மூடிக்கு மட்டும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், வெட்டிய சில நாளிலேயே நீலக்கறையும் வண்டும் பிடிக்கும். மருந்து ஏற்றிய ரப்பர் பலகைதான் வாங்கவேண்டும். ஆனால் தாமிரம் கலந்த மருந்து என்றால் மீன்தொட்டிக்கு மேல் ஆகாது. தாமிரம் மீனின் செவுளைத் தாக்கும், இறாலையும் நத்தையையும் முதலில் கொல்லும்.

ஒட்டுப்பலகை பற்றி மரவேலைப் பெருமைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நியாயமில்லை. ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டிய தாள்மரங்கள் ஒன்றன் அசைவை மற்றது பிடித்துக்கொள்வதால் வீக்கச் சிக்கலே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கவனிக்கவேண்டியது பசையை. சாதாரண எம்.ஆர். ரகத்தில் யூரியா பசை. ஈரம் தொடர்ந்து பட்டால் ஏடு ஏடாகப் பிரியும். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பலகையில் பீனால் பசை. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் பிரியக்கூடாது என்பது அதற்கான சோதனை. ஒட்டுப்பலகைக்குப் பேர்போன பெரும்பாவூர் இங்கிருந்து தூரமும் இல்லை. எம்.டி.எஃப். வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டால் பிஸ்கட்தான்.

பூச்சு விஷயத்தில் ஊரெல்லாம் செய்யும் தவறு ஒன்று: வெளிப்பக்கம் மூன்று கை, உள்பக்கம் சுத்தமாகக் கிடையாது. எந்தப் பூச்சும் ஆவியை முழுதாக நிறுத்தாது, தாமதப்படுத்தும். ஒரு பக்கம் மட்டும் தாமதமானால் வளைவு நிச்சயம். உள்ளும் புறமும், வெட்டுமுகம் உட்பட, ஒரே அளவு பூசவேண்டும். மரத்தின் வாய் வெட்டுமுகத்தில்தான் இருக்கிறது. நார்கள் உறிஞ்சுகுழல்போல அங்கே திறந்திருக்கும். அமெரிக்காவில் மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வுக்கூடம் பூச்சுகளை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறது: ஆவியைத் தாமதப்படுத்துவதில் எப்பாக்ஸி முன்வரிசையில், ஆளிவிதை எண்ணெய் கடைசி வரிசையில். அரக்குப் பாலிஷ் ஆவியை நன்றாகவே மறிக்கும், ஆனால் துளி பட்ட இடமெல்லாம் வெளுக்கும். உள்பக்கம் வெள்ளை எப்பாக்ஸி அடித்தால் விளக்கின் வெளிச்சமும் வீணாகாமல் கீழே திரும்பும். பூசியபிறகு இரண்டு வாரமாவது மூடி வெளியே காயட்டும். காற்றுப்பம்பை மூடிக்குள்ளேயே வைப்பவர்கள் உண்டு. அது பெயின்ட் வாடையை உறிஞ்சிக் குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் ஊதும்.

மின்சாரத்துக்கு ஒரு பத்தி போதும். ஈரம் புகாத எல்.இ.டி. பட்டை, 18, 20 வாட்டில் வேலை முடிந்துவிடும். சோக், அடாப்டர் எதுவும் மூடிக்குள் வேண்டாம். வயர் தொட்டியிலிருந்து இறங்கி, பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு போட்டு, பிறகு மேலே ஏறிப் பிளக்குக்குப் போகவேண்டும். வழியும் துளி அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். வீட்டில் 30 மில்லியாம்ப் கசிவுக்கு விழும் ஆர்.சி.சி.பி. இல்லாவிட்டால், மூடி செய்வதற்கு முன் அதை மாட்டவேண்டும்.

இனி அளவு. தொட்டியை நிரப்பியபிறகே அளக்கவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பதினெட்டு அங்குல உயரத்துக்கு நீர் நின்றால், மூன்றடி முன்கண்ணாடியை வெளியே தள்ளும் விசை சுமார் 95 கிலோ எடைக்குச் சமம். கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அளவு புடைக்கும். காலித் தொட்டியில் அளந்து இறுக்கமாகச் செய்த பெட்டி அந்தப் புடைப்பில் மாட்டிக்கொள்ளும். பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் தளர்வு வைப்பது நல்லது. பெட்டியின் உள்ளே சுற்றிலும் ஒரு கட்டை அறைந்து, அதன் அடியில் ரப்பர் பட்டை ஒட்டினால், எடை ஒரே புள்ளியில் ஏறாமல் விளிம்பு முழுதும் பரவும். எட்டு அங்குல உயரத்துக்கு அரை அங்குலத் தேக்கில் செய்தால் மூடி ஏழு கிலோ வரும். தினமும் தீனி போட அதைத் தூக்க முடியாது. ஆகவே முன்பலகைக்குக் கீல். இரும்புக் கீல் ஒரு மழைக்காலம் தாங்காது. துருவேறாத எஃகு போடவேண்டும்.

கடைசியாக, முதல் ஆடி மாதம். திறந்து மூடிய முன்பலகை திடீரென்று இறுகும். ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் திறக்க இரண்டு கை வேண்டும். வீட்டுக்காரர் ஆசாரியைக் கூப்பிடுவார். இழைப்புளியால் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டுப் போங்கள் என்பார். அனுபவமுள்ள ஆசாரி இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கமாட்டார். மாசியில் வந்து பார்க்கிறேன் என்று டீ குடித்துவிட்டுக் கிளம்புவார். மழையில் வீங்கிய விளிம்பைச் சீவி எடுத்தால், பாலக்காட்டுக் காற்று அடித்து மரம் சுருங்கும் மாசியில் அங்கே மூன்று நாலு மில்லிமீட்டர் கூடுதலாகத் திறந்து நிற்கும். ஏற்கெனவே விட்ட தளர்வையும் அதோடு சேர்த்தால் ஒரு விரல் நுழையும். மானத்துக்கண்ணியின் தடிமனும் அவ்வளவுதான்.